டீச்சர் போடும் கோடு

ஓவிய வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்று தலைமையாசிரியை வந்து சொன்னபோது, ஓவிய டீச்சர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். "அப்படியா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுச் சீவலைக் குப்பைக்கூடையில் தட்டினாள். கோபம் வந்திருக்க வேண்டும், கண்ணாவது கலங்கியிருக்க வேண்டும். ஒரு மண்ணும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு.

"என்னம்மா அப்படியா, நொப்படியான்னு? அரசாங்கப் பள்ளிக்கூடம் எதுலயும் இனிமே ஓவியம் கிடையாதாம். அந்த நேரத்தையும் கணக்குக்கே குடுக்கப் போறாங்களாம். உனக்குக் கொஞ்சமாவது உறைக்குதா?"

"வேலை போகாதுல்ல டீச்சர்?"

"போகாது. ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வெச்சு, கம்ப்யூட்டர்ல பிள்ளைங்க பேரை ஏத்தச் சொல்லுவாங்க. சந்தோஷமா?" தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "கல்வி அதிகாரி நம்ம பள்ளிக்கூடத்தைத்தான் முதல்ல பாக்க வர்றார். போட்டியில நாமதானே கோப்பையா வாங்கிக் குவிக்கிறோம்? அவர் மனசு வெச்சா எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வகுப்பு தப்பிக்கும். நீதான் பேசணும்."

பேசுகிறேன் என்றாள். பேசாமல் என்ன செய்வது?

ஓவிய டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இளக்காரம்தான். பெயர்ப்பலகை எழுத அவள், மேடைக்குத் துணி கட்ட அவள், வராத டீச்சரின் வகுப்பை மேய்க்க அவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்கெல்லாம் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அதன் பிறகு எதுவும் வருவதை நிறுத்திக்கொண்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு மரியாதை உண்டு. அவளுடைய பிள்ளைகள் வரையும் படங்களை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பரிசு நிச்சயம். வீடு என்றால் வீடு, குதிரை என்றால் குதிரை, ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாக நிற்காது. மற்றப் பள்ளி ஓவிய ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். ஒருவரும் ரகசியம் கேட்கவில்லை. கேட்டால் தங்கள் ரகசியத்தையும் சொல்ல வேண்டியிருக்குமே.

ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்புக்கு வருமுன் ஒவ்வொரு தாளிலும் அவளே மெல்லிய பென்சிலால் உருவத்தைப் போட்டுவிடுவாள். கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளைகள் அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள், கோடு உள்ளே மறைந்துவிடும். ஒரு போட்டி அவசரத்தில் தொடங்கியது, கோப்பை வந்தது, அடுத்த முறையும் கை தானாகப் போனது. ஏமாற்றுகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. கைகொடுக்கிறோம் என்றுதான் நினைத்தாள். பிள்ளைகளும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஓவியம் என்றால் டீச்சர் கோடு போடுவார், நாம் வண்ணம் போடுவோம். அவ்வளவுதான் அவர்களுக்கு ஓவியம்.

வீட்டில் சொன்னபோது, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார். "நீ பேசப் போறியா? வீட்டுல நான் பத்துக் கேள்வி கேட்டா ஒரு பதில் வருது. அதிகாரி பாவம், பேனாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"பேசிருவேன்."

"கோபமா பேசுடி. உன் வகுப்பைத்தானே பிடுங்குறாங்க?"

"கோபம் வரலைங்க," என்றாள் அவள். அவர் துவட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார், பிறகு துண்டைக் கொடியில் போட்டார்.

அதிகாரி வந்த அன்று ஓவிய அறைச் சுவர் முழுக்கப் படங்கள். தலைமையாசிரியை பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அதிகாரி கெட்ட மனிதர் அல்ல, களைத்த மனிதர். சட்டைப்பையில் இரண்டு பேனா, கண்ணுக்குக் கீழே கருவளையம். வாத்தியாராக இருந்து மேலே போனவர் என்று உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

ஓவிய டீச்சர் எழுந்து பேசினாள். அவளுக்கே ஆச்சரியமாக, நன்றாகவே வந்தது.

"மத்த வகுப்புல எல்லாம் ஒரு விடைதான் சார் சரி. அது வராத பிள்ளை நாள் முழுக்கத் தப்பாவே உக்காந்திருக்கு. தான் பாத்ததை, தனக்குத் தோணின மாதிரி, யாரையும் கேக்காமப் போடுறதுக்கு அதுக்கு இந்த ஒரு வகுப்புதான் இருக்கு. வசதி இருக்கிறவங்க தனியா அனுப்பிக் கத்துக்குடுப்பாங்க. இங்க வர்ற பிள்ளைங்களுக்கு இதை விட்டா வேற இடமே இல்லை சார்."

தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பேசியவளுக்கு மட்டும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை யாருக்கோ வாசித்துக் காட்டிய மாதிரி இருந்தது.

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க டீச்சர். நான் மேல எடுத்துச் சொல்றேன்," என்றார் அதிகாரி. போகிறவர் போயிருக்கலாம். சுவரைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். "பிள்ளைங்க வரையிறதை நான் கொஞ்சம் பாக்கலாமா?"

"தாராளமா சார்!" என்று தலைமையாசிரியை முந்திக்கொண்டு வெள்ளைத்தாளை எடுத்து அவளே விநியோகித்தாள். ஓவிய டீச்சர் வாயைத் திறந்தாள். அதற்குள் கடைசி வரிசைக்கும் தாள் போய்விட்டது.

"உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க கண்ணுங்களா," என்றார் அதிகாரி.

பிள்ளைகள் வண்ணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். ஒருவரும் தாளைத் தொடவில்லை. அதிகாரி புன்னகையோடு காத்திருந்தார். புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"ஏன், வரையலையா?"

முதல் வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். வகுப்பே வாயாடி என்று கூப்பிடும் பெண், பதில் தெரியாவிட்டாலும் முதலில் கையைத் தூக்குகிறவள். "டீச்சர் இன்னும் கோடே போடலையே சார்," என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி சுவரில் இருந்த குதிரையின் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தார். வண்ணத்துக்கு அடியில் கோடு இருந்தது. அடுத்த படத்திலும் இருந்தது.

"எல்லாம் நீங்க போட்டதா டீச்சர்?"

"ஆமா சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க பேசினது எல்லாம் உண்மைதான் டீச்சர். ஆனா நான் என்னன்னு எழுதுறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேனாவைப் பையில் செருகினார். தலைமையாசிரியை அவர் பின்னாலேயே, சார் சார் என்று ஓடினாள். வகுப்பு போயிற்று. இந்தப் பள்ளியில் மட்டுமல்ல, எல்லாப் பள்ளியிலும். ஓவிய டீச்சருக்கு அது தெரிந்தது. பஸ் போய்விட்டது என்று தெரிவது மாதிரி தெரிந்தது, அதற்குமேல் இல்லை.

மணி அடிக்க நேரம் இருந்தது. பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்குக் கோடு கிடையாது," என்றாள். "பென்சில் எடுத்து நீங்களே போடுங்க. என்ன வேணா போடலாம்."

முணுமுணுத்தார்கள். பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வாயாடிதான் முதலில் வந்தாள். தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, காட்டலாமா வேண்டாமா என்று நின்று, பிறகு நீட்டினாள். பஸ்ஸுக்குள்ளே கூட்டம். நடுவில் ஒரு பெண் நின்றுகொண்டே தூங்குகிறாள். மேல்கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் உடம்பைவிட நீளம், பஸ்ஸின் கூரைவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. முகம் சின்னது. கண் இரண்டும் வெறும் கோடு.

"எங்கம்மா டீச்சர். ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலை. வேலை முடிஞ்சு வர்றப்ப இப்படித்தான் தூங்குவாங்க. கை நீளமாப் போயிருச்சு."

ஓவிய டீச்சர் பார்த்தாள். அந்தக் கை அவ்வளவு நீளம்தான். முழு உடம்பும் அந்தக் கையில் அல்லவா தொங்குகிறது! அவள் போட்டிருந்தால் அளவெடுத்துச் சரியாகப் போட்டிருப்பாள், அதில் ஒரு களைப்பும் இருந்திருக்காது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடும்போது குத்துமே, மனசில் அப்படிக் குத்தியது.

"ரொம்ப நல்லா இருக்குடா," என்றாள். குரல் உடைந்தது. "நான் இப்படிப் போட்டதே இல்லை. அப்படியே வெச்சுக்கோ."

வாயாடி தாளைப் பார்த்தாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிசிறு தட்டாத வீடுகளையும், நாலு காலும் ஒழுங்காக நின்ற குதிரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு டீச்சரின் ஈரமான கண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"நீங்க சும்மா சொல்றீங்க டீச்சர். அழாதீங்க," என்றாள். இடத்துக்குப் போய் அழிரப்பரை எடுத்துத் தேய்த்தாள். கூரையைத் தொட்ட கை போயிற்று.

"ஏய், அழிக்காதே! வேண்டாம்டா!"

முகம் போயிற்று. அவள் கெட்டிக்காரப் பெண், எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். தூளை ஊதித் தள்ளி, தாளைத் தடவிச் சுத்தமாக்கிக் கொண்டுவந்து டீச்சரின் கையில் கொடுத்தாள்.

"இப்பப் போடுங்க டீச்சர்."