தளர்த்தாத பட்டி

என் வீட்டுக்காரருக்கு எதிலும் விளையாட்டுதான். கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கிறோம், முதலுதவி தெரியாமல் இருக்கலாமா என்று நான்தான் அவரைச் சமுதாயக் கூடத்துப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அடிபட்டவராக நடிக்க ஆள் கேட்டதும் முதல் ஆளாகப் போய்ப் பாயில் படுத்துவிட்டார்.

ரத்தம் பீறிட்டால் துணி வைத்து அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளிப் பட்டியைச் சுற்றி, அதிலுள்ள குச்சியைத் திருகி, ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். பயிற்சி கொடுத்த நர்ஸம்மா சொல்லச் சொல்ல நான் என் வீட்டுக்காரர் கையில் திருகினேன். "ஐயோ, விடுடி, செத்தேன்" என்று அவர் போட்ட கூத்தில் கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு தாங்காமல் குச்சியைத் தளர்த்திவிட்டேன். நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. நிஜத்தில் இதைவிட வலிக்கும், காலைப் பிடித்துக் கெஞ்சுவார்கள், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை தளர்த்தவே கூடாது என்றார்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சாய்ந்தது. இவர் பிடிக்கப் போனார். முழங்கைக்குக் கீழே எலும்புவரை இறங்கிவிட்டது. துணியை வைத்து அழுத்த அழுத்த ஊறிக்கொண்டே இருந்தது. பயிற்சியில் கொடுத்த பட்டி கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. எடுத்துச் சுற்றினேன், திருகினேன். "விடுடி" என்றார். கூடத்தில் சொன்ன அதே சொல்தான், குரல் வேறாக இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அழுதார், திட்டினார், என்னை அம்மா என்றுகூடக் கூப்பிட்டார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு குச்சியைப் பிடித்தபடி இருந்தேன்.

உயிர் பிழைத்தார். கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள்.

"இறுக்கிக் கட்டியே எம்புள்ள கையை எடுத்துட்டா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நரம்பைச் சிதைத்தது கண்ணாடிதான், கட்டாவிட்டால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவர் கிடக்கட்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற இவர், இல்லைம்மா என்று ஒரு வார்த்தை சொல்லலாமே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன்.

அடுத்த பயிற்சிக்கு நர்ஸம்மா எங்களைக் கூப்பிட்டார். இவர் வரமாட்டார் என்று நினைத்தேன், ஒற்றைக் கையால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூடத்தில் அதே பாயில் உட்கார்ந்து மிச்சமிருந்த கையை நீட்டினார். நான் பட்டியைச் சுற்றினேன். எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"அன்னைக்கு நான் நடிக்கலடி. உனக்குப் புரியலையா?"

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இவர் எனக்காகத் தேடி வைத்திருந்த சமாதானம் இதுதான் போலிருக்கிறது. இவர் கெஞ்சியதை விளையாட்டு என்று நினைத்துவிட்டேன் என்று நான் ஒரு பொய் சொன்னால் போதும், மன்னித்துவிடுவார்.

"புரிஞ்சதுங்க," என்றேன். "புரிஞ்சுதான் இன்னொரு சுத்து திருகினேன்."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.