சர்வருக்கு ஒரு தாம்பாளம்

ஊரார் மரியாதையாகத் 'தோன்யா' என்றழைக்கும் நிகாசியா கிஸ்பெர்த் கணக்கில் புலி. ஆணி எடை போட்டால் தராசு முள்ளை அவள் கண் முந்திக்கொள்ளும். பொலிவியாவின் லா பாஸ் நகரத்துச் செங்குத்துத் தெரு ஒன்றில் மூன்று ஹார்டுவேர் கடைகளைக் கட்டி ஆள்கிறவள், அன்று காலை மேசை மேல் கிடந்த ஒரே ஒரு தாளுக்குப் பயந்து ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டே இருந்தாள். ரொட்டி கரைந்து கோப்பைக்குள் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தாள் அவளுடைய மருமகள் லிசெத் எழுதியது. புது கம்ப்யூட்டர் சர்வருக்கு என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும் என்ற பட்டியல். மூன்று கடைகளின் சரக்கிருப்பும் விலையும் பில்லும் இருந்த பழைய சர்வர் போன கார்னிவல் பண்டிகையோடு செத்துப்போனது. பத்து மாதமாக வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். அது தினமும் காலை பத்து மணிக்கு, கூட்டம் சேரும் நேரமாகப் பார்த்து முரண்டு பிடிக்கும். மேல் கடையில் முப்பது பொலிவியானோ விலை சொல்லும் குழாய், கீழ்க் கடையில் இருபத்திரண்டுக்குப் போகும். இது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் கீழ்க் கடைக்கே இறங்கினார்கள்.

இவ்வளவுக்கும் புது சர்வர் பேச்சை யார் எடுத்தாலும் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று தள்ளிப் போட்டவள் நிகாசியாதான். இனித் தள்ள முடியாது. நாற்பதாயிரம் வரை செலவழிக்கலாம் என்று அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, இதையும் பாரு." மகன் எட்வின் வேறொரு தாளை நீட்டினான். கம்ப்யூட்டர் விற்கும் அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஃபிதெல் கொடுத்த விலை. "முப்பத்தொம்பதாயிரத்து ஐநூறு. மெஷினா அது? காளை!"

"காளை சரி, கொட்டகை எங்க?" என்றாள் லிசெத். "கரண்ட் போனா தாங்கறதுக்கு யூ.பி.எஸ். இல்ல. இருக்கறது ஒரே டிஸ்க். அது போச்சுன்னா எல்லாம் போச்சு. மூணு கடையிலயும் சேத்து பில் போடறது பதினோரு பேரு. ரொட்டி வாங்கறதுக்கு யாராவது லாரி எடுத்துட்டுப் போவாங்களா?"

"பேசறது யாருன்னு பாரும்மா. மொத சர்வரைத் தூசி தட்டாம சாகடிச்சவ, ரெண்டாவதைத் தேர்ந்தெடுக்கறா!"

எட்வின் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பத்து மாதமாகச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறான். கடைப் பையன்கள் முன்னால், வாடிக்கையாளர் முன்னால், ஞாயிற்றுக்கிழமை விருந்தில். லிசெத் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. இன்றும் பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். நிகாசியா எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறாளோ, அதை நீட்டினவர் பேச்சுதான் இனிக் கடையில் எடுபடும். ஃபிதெலின் தாளில் போட்டால், இவள் எதற்கும் லாயக்கில்லை என்று மாமியாரே முத்திரை குத்தின மாதிரி.

நிகாசியா கரைந்த ரொட்டியைக் கரண்டியால் துழாவ ஆரம்பித்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

போன கார்னிவலின் செவ்வாய்க்கிழமை அன்று நடந்தது அவளுக்கு மட்டுமே தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஊரே தன்னிடம் உள்ள பொருளுக்கெல்லாம் சல்யா செய்யும். கடை, லாரி, தராசு என்று ஒன்றையும் விடாமல் காகிதத் தோரணம் கட்டி, நாலு மூலையிலும் பீர் ஊற்றி, வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவுவார்கள். பூமித்தாய்க்கு முதல் வாய் கொடுத்தால் பொருள் நிலைக்கும். புருஷன் செவேரோ இறந்து ஏழு மாதம் கழித்து வந்த முதல் கார்னிவல் அது. எல்லோரும் வாசலில் ஆடப் போனபின் அரை பாட்டிலோடு அவள் தனியாக உள்ளே நின்றாள். மூலை அறையில் அந்த சர்வர் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு செவேரோ ஆசைப்பட்டு வாங்கியது. "லீவு கேக்காத கணக்கப்பிள்ளை" என்று தட்டிக்கொடுப்பார். அவர் பொருளை மட்டும் விட்டுவிடுவதா? சிவப்புக் காகிதத் துணுக்குகளைத் தூவி, அதன் நாலு மூலையிலும் ஊற்றினாள். பாசம் மிகுந்துபோய் நடுவிலும் ஊற்றினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

கடை திறந்த அன்று லிசெத்தான் முதலில் உள்ளே போனாள். மதியம் வெளியே வந்து, "தூசி அடைச்சிருந்துச்சு. நான் கவனிக்கல, என் தப்புதான்" என்றாள். எடுத்து வைத்திருந்த நகல் போக, பதினெட்டு நாள் பில்களைக் கண் வீங்க உட்கார்ந்து கையால் ஏற்றினாள். பீர் காய்ந்துபோயிருக்கும், ஒருவேளை நிஜமாகவே தூசியாகத்தான் இருக்கும் என்று நிகாசியா மனதைத் தேற்றிக்கொண்டாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடத்தை உடைத்தவள் மாமியார். பழியைச் சுமந்தவள் மருமகள்.

"நீயே படிச்சுச் சொல்லு" என்று தாளை லிசெத்திடம் தள்ளினாள்.

லிசெத் படித்தாள். சர்வர் இருபத்து நாலாயிரத்து அறுநூறு. ஒன்றில் எழுதுவதை அப்படியே தானும் எழுதிக்கொள்ளும் இரண்டாவது டிஸ்க், இரண்டாயிரத்து நானூறு. யூ.பி.எஸ். நாலாயிரத்து முந்நூறு. வீட்டில் வைக்கும் நகலுக்குத் தனி டிஸ்க் ஆயிரத்துத் தொள்ளாயிரம். வயரும் ஆள் கூலியும் ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. ஆறாவது, கண்ணாடிக் கதவும் சாய்வான மூடியும் வைத்த இரும்பு அலமாரி, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

"மூடி எதுக்குச் சாய்வா?" என்றான் எட்வின்.

"ஏதாவது கொட்டினா வழிஞ்சு ஓடிடும்."

"எங்கேருந்து கொட்டும்? போன வருஷம்தான் கூரை மாத்தினோம்."

லிசெத் அடுத்த வரிக்குப் போனாள். "ஏழாவது, அலமாரிக்கு முன்னால தரையில வைக்க ஒரு தாம்பாளம். நூத்தம்பது. ஆக மொத்தம் முப்பத்தெட்டாயிரம்."

எட்வின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சர்வருக்குத் தாம்பாளமா! எதுக்கு, கால் கழுவிக்கவா?"

"சல்யா செய்யறப்போ அதுல ஊத்திக்கலாம்" என்றாள் லிசெத், தாளை விட்டுக் கண்ணெடுக்காமல். "கடையில எல்லாத்துக்கும் செஞ்சிட்டு இதை மட்டும் விட முடியுமா? அத்தைக்கு மனசு கேக்காது."

நிகாசியாவின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது. இவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். நிகாசியாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தப் பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டால் போதும், எல்லாம் சுபம். ஆனால் எட்வின் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எட்வின், வாயை மூடு. அது தூசியில சாகலடா."

"பின்ன?"

"பீர்ல செத்துச்சு. நான்தான் ஊத்தினேன், அரை பாட்டில்."

"சர்வர் மேலயா?"

"நாலு மூலையிலயும். நடுவுலயும்."

எட்வின் தாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். இத்தனை நாள் சிரித்த சிரிப்பு அவன் முகத்தில் இருக்க இடமில்லாமல் இறங்கியது.

"ஏண்டி சொல்லல?" என்றாள் நிகாசியா.

"திறந்த உடனே பீர் வாசம் தூக்குச்சு அத்தை. உள்ள செவப்புக் காகிதமா ஒட்டிக் கெடந்துச்சு. மாமா போய் ஏழு மாசம்தான் ஆயிருந்துச்சு. ஆசையா ஊத்தினதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லியிருந்தா நீங்க அப்புறம் பாட்டிலையே தொட்டிருக்க மாட்டீங்க."

நிகாசியா சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கி, வங்கியில் போடுவது போல முழுப் பெயரையும் லிசெத்தின் தாளில் எழுதினாள். எழுதியபின் ஏழாவது வரியைத் தட்டிக் காட்டினாள்.

"நூத்தம்பதுக்கு என்ன தாம்பாளம் வரும்? தகரம்தான் வரும். நல்ல பித்தளையா வாங்கு. ரெண்டாயிரம் மிச்சமிருக்குல்ல?"

எட்வின் ஃபிதெலின் தாளை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் சொருகினான். பிறகு மனைவிக்குத் தேநீர் ஊற்றி வந்து, சர்க்கரையைத் தானே கலக்கி, "மன்னிச்சிடு" என்று கோப்பையைப் பார்த்துச் சொன்னான். "என்னைப் பாத்துச் சொல்லு, கோப்பை என்ன பண்ணுச்சு?" என்றாள் லிசெத்.

பிப்ரவரியில் கார்னிவல் வந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புது சர்வரின் பச்சை விளக்கு எரிந்தது. அலமாரிக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளம் பளபளத்தது. வேலையாட்கள் பதினோரு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் வாய் ஊற்றுவது உடைமைக்காரர்தான். செவேரோ இருந்தவரை அவர், போன வருடம் நிகாசியா. அவள் பாட்டிலைத் திறந்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, லிசெத்தின் கையில் கொடுத்தாள்.

"அத்தை, நீங்க..."

"ஊத்துடி. உன் பொருளுக்கு நான் ஊத்தினா எப்படி நிலைக்கும்?"

லிசெத் பாட்டிலை ஒரேயடியாகச் சாய்த்தாள். பீர் தாம்பாளத்தில் விழுந்து தெறித்தது. இரண்டு துளி கண்ணாடிக் கதவில் பட்டது. நிகாசியா சட்டென்று குனிந்து, பண்டிகைக்கென்று உடுத்திய புதுச் சால்வையாலேயே அதைத் துடைத்தாள்.