பின் சீட்டில் ரெங்கம்மாள்

எங்கள் வாசலில் நின்ற மார்க் டூ அம்பாசிடரைப் பிரபு கடப்பாரையால் அடித்து நொறுக்கியபோது, என் அம்மா ரெங்கம்மாள் அதன் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கடைசிவரை இறங்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இப்போது ஆளுக்கொரு கதை ஓடுகிறது, கேட்கக் கேட்க எனக்கு எரிகிறது.

அந்த வண்டி ஒரு காலத்தில் பிரபுவின் அப்பா பஞ்சநதத்துடையது. குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர் நிலத்தில் பாதி அவருடையது. அதில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். ஓர் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு இடுப்புவலி கண்டு, பிள்ளை இறங்காமல் கிடந்தபோது, அவர் பெரிய மனசு பண்ணி ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்தார். ஆனால் எங்கள் ஆட்கள் சீட்டில் உட்காரும் வழக்கமில்லை. டிக்கியில் வைக்கோலைப் பரப்பி, மூடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, அம்மாவை அதில் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரி வருவதற்குள் நான் டிக்கியிலேயே பிறந்துவிட்டேன்.

பஞ்சநதம் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி பல கை மாறி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பு ஒன்றில் கோழி அடையக் கிடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். அதைத் தேடிப்போய் வாங்கினேன். மெக்கானிக் சுஹைபும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதனடியிலேயே கிடந்து ஓட வைத்தோம். இந்த ஓட்டை வண்டி எதற்கு என்று கேட்டவர்களிடம், பிறந்த இடத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன் என்றேன்.

அப்புறம் இணையதள ஆசை வந்தது. யூடியூப் பார்த்து நானே கட்டினேன். மஞ்சள் மேல் சிவப்பு எழுத்து. “கல்யாண மண்டப போர்டு மாதிரி இருக்கு சார்” என்றான் சுஹைப். கார்புரேட்டர் பற்றி ஒரு பக்கம், கியர் பற்றி ஒரு பக்கம் என்று மாய்ந்து மாய்ந்து எழுதினேன். ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, கால்மேல் கால் போடச் சொல்லி, படம் எடுத்து முகப்பில் போட்டேன். கீழே நான் பிறந்த கதையை நாலு வரியில் எழுதினேன். அதைப் பார்த்தார்கள். யாரோ அனுப்பி, சிங்கப்பூரில் இருந்த பிரபுவும் பார்த்தான்.

தை மாதம் அறுவடைக்கு வந்தவன், ஒரு காலையில் பைக்கில் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். சுஹைப் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சீட்டு அவளுக்குப் பிடித்துவிட்டது.

“அந்தப் போட்டோவ எடுடா” என்றான் பிரபு. “எங்கப்பா வண்டி குடுக்கலன்னா நீயும் இல்ல, ஒங்கம்மாவும் இல்ல. அந்த நன்றி வேணாம்?”

“வண்டி குடுத்தாருன்னும் எழுதியிருக்கனே. படிக்கலயா?”

“டிக்கின்னு எழுதியிருக்க.”

“டிக்கியிலதானே போட்டீங்க. வேற எப்புடி எழுதுறது?”

கன்னத்தில் அறைந்தான். ஓர் ஆள் என் கையைப் பின்னால் முறுக்கினான். தடுக்க வந்த சுஹைபை மற்றவன் வயிற்றில் உதைத்துக் கீழே தள்ளினான். பந்தல்கால் ஊன்ற வைத்திருந்த கடப்பாரையைப் பிரபு தூக்கினான். ஹெட்லைட் இரண்டும் போயின. முன்கண்ணாடி பொடியாகி உள்ளே கொட்டியது. பிறகு அவன் பக்கவாட்டில் வந்து, அம்மா முகத்துக்கு நேராகக் கதவுக் கண்ணாடியில் கடப்பாரை நுனியை வைத்தான்.

“இப்பவே அழி.”

கையை விட்டார்கள், போனை எடுத்தேன். எனக்குப் படம் ஏற்றத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது. கற்றுக்கொண்ட நாளிலிருந்து எதையும் எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கெங்கோ தொட்டேன், என்னென்னவோ திறந்தது, அம்மா படம் மட்டும் அசையாமல் நின்றது.

“எனக்கு அழிக்கத் தெரியல பிரபு” என்றேன். சத்தியமான வார்த்தை.

“வாத்தியாருக்குத் தெரியாதா? என்னையே கிண்டல் பண்றியா?”

கடப்பாரை இறங்கியது. கண்ணாடி அம்மா மடியிலும் கீரையிலும் சிதறியது. அவள் நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக வழிந்தது. கீரைத் தட்டைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலடியில் வீல் ஸ்பேனர் கிடந்தது. அதை எடுத்து அவன் கையில் ஓங்கிப் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கை கதவில் மிச்சமிருந்த கண்ணாடியில் விழுந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்தது. வெள்ளைக் கதவெல்லாம் ரத்தம். தோளில் இன்னொன்று போட்டேன். அடுத்தது தலைக்கு. கொல்லத்தான் ஓங்கினேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. சுஹைப் இடுப்பைக் கட்டிப்பிடித்து என்னை மண்ணில் சாய்த்தான்.

கூட வந்த வீரர்கள் இரண்டு பேரும் ரத்தத்தைப் பார்த்ததும் பைக்கை உதைத்து ஓடிவிட்டார்கள். பிரபு தரையில் உட்கார்ந்து கையை அமுக்கிப் பிடித்திருந்தான். விரலிடுக்கில் ரத்தம் பீய்ச்சியது.

“108 வரதுக்குள்ள வடிஞ்சிரும் சார்” என்றான் சுஹைப்.

“வடியட்டும். இல்லன்னா டிக்கியத் தொற, அதுல போட்டுப் போவம்” என்றேன். சொல்லும்போது எவ்வளவு இனித்தது தெரியுமா.

அம்மா உள்ளேயிருந்து கதவைத் திறந்தாள். முந்தானையால் சீட்டிலிருந்த கண்ணாடித் தூளைத் தள்ளிவிட்டு, அந்த ஓரத்துக்கு நகர்ந்தாள்.

“இங்க ஏத்து.”

“ஒன்னக் கொல்ல வந்தவம்மா அவன்.”

“தெரியுது. சீட்டு காலியா இருக்கயில டிக்கி எதுக்கு?”

சுஹைப் அவனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான். பிரபு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு நின்றான். சீட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். உயிர் ஒழுகிக்கொண்டிருக்கும்போதும் அவனுக்கு அங்கே உட்கார யோசனை. நல்லவேளை முழங்கால் மடிந்தது. சுஹைப் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

நான் ஓட்டினேன். முன்கண்ணாடி இல்லாததால் அறுவடை மெஷின் கிளப்பிய தூசியெல்லாம் கண்ணில் விழுந்தது. உள் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா முந்தானையைக் கிழித்து அவன் கையில் இறுக்கிக் கட்டி, உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவன் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. வாய்க்கால் பாலம் ஏறும்போது கண் திறந்தான்.

“அந்தப் போட்டோவ... எடுக்கச் சொல்லு.”

“கைய எறக்காதீங்க தம்பி” என்றாள் அம்மா. “போட்டோ இருக்கட்டும்.”