எடை கூவிய மாமா

பார்சல் அலுவலகத்தில் மாமாவின் வேலை, மூட்டையைத் தராசில் ஏற்றி எடையை உரக்கச் சொல்வது. அந்த வாய் வீட்டிலும் சும்மா இருக்காது. தர்பூசணி வாங்கினால் கையில் ஏந்தி எடையைச் சொன்ன பிறகுதான் வெட்டுவார். அப்பேர்ப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குத் துணையாக அனுப்பும்போது அக்கா படித்துப் படித்துச் சொன்னாள்: "எடையைப் பத்தி வாயே திறக்காத. அவ காதுல அந்த எண் விழவே கூடாது."

அவள் என்றால் அக்காவின் மகள், எல்லோருக்கும் சுண்டு. அவளுக்கு, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் பட்டினி கிடந்தே உருகிப்போகும் நோய், அனோரெக்ஸியா. முன்பெல்லாம் "மாமாவுக்குத்தான் இது பிடிக்கும்" என்று தன் பங்கை அவர் தட்டில் தள்ளிவிடுவாள். விவரம் தெரியாத மனுஷன் ஒரு பிடி பிடித்துவிடுவார்.

போன வருடம் மூளையை ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா விளக்கினார். "மூளையில ஒரு பகுதியை இன்னொரு பகுதியோட சேர்க்கிற நரம்பிழைகளையும் பட்டினி விட்டுவைக்காது சார். சாப்பிட்டுத் தேறினா நிறைய சரியாகுது. எல்லாமே ஆகிடும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்." அந்தப் படங்களும் கலங்கித்தான் வந்தன. அசையக் கூடாத மெஷினிலும், உடம்பு கரையட்டும் என்று போர்வைக்குள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள் சுண்டு. திமிர் இல்லை, நோய்தான் ஆட்டுகிறது என்றார் டாக்டரம்மா.

இப்போது சில மாதங்களாகச் சாப்பிடுகிறாள், சில வேளை அழுதுகொண்டு, சில வேளை முறைத்துக்கொண்டு. தேறியிருக்கிறாளா என்று பார்க்கத்தான் இந்த இரண்டாவது ஸ்கேன்.

ஸ்கேன் மெஷினில் பதிய அவள் எடை தேவை. எண் கண்ணில் படாமலிருக்க சுண்டு எடைக்கருவிக்கு முதுகைக் காட்டி ஏறி நின்றாள். ஸ்கேன் எடுப்பவர் சத்தமில்லாமல் குனிந்து பார்த்தார். சிவப்பு எண் தெரிந்ததுதான் தாமதம், மாமா கிராம் வரைக்கும் கூவிவிட்டார்.

சுண்டுவின் முகம் வெளுத்தது. உள்ளே போய்ப் படுத்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாமா மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். பிள்ளை மறுபடி சாப்பாட்டை நிறுத்திவிட்டால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? மெஷின் தடதடத்தது. அவர் கண் போர்வைக்கடியில் இருந்த கால்களை விட்டு நகரவில்லை. ஒரு தடவை கட்டைவிரல் லேசாக எழும்பியது. செத்தோம் என்று நினைத்தார். விரல் தணிந்தது. அப்புறம் எழும்பவே இல்லை.

"படம் பளிச்சுனு வந்திருக்கு. போன தடவை வந்த பொண்ணுதானா இது?" என்றார் ஸ்கேன் எடுப்பவர். இழைகள் எவ்வளவு தேறியிருக்கின்றன என்று சொல்லச் சில வாரம் ஆகும் என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்தார். "என் வாயில அடுப்புக் கரியைப் போட. ஏதோ பழக்கதோஷம்..."

"மாமா, ஆபீஸ்ல எடை சொன்னதும் என்ன பண்ணுவீங்க?"

"சீட்டு ஒட்டி அனுப்பிடுவேன்."

"அந்த எண்ணு ஞாபகம் இருக்குமா?"

"அடுத்த மூட்டை வந்தா இது போச்சு."

"எனக்கு உள்ள முழுக்க அதுதான் கேட்டுது. காலை ஆட்டு, ஆட்டுன்னுது." பையிலிருந்து ரொட்டி டப்பாவை எடுத்தாள். "ஆட்டல."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து அவரும் எதுவும் சாப்பிடவில்லை. வயிறு சத்தம் போட்டது, அவளுக்கும் கேட்டது. சுண்டு டப்பாவை மடியோடு இழுத்துக்கொண்டாள். ரொட்டியை மெதுவாக, கடைசித் துண்டு வரை தானே தின்றாள். மாமாவுக்கு ஒரு விள்ளல்கூடக் கொடுக்கவில்லை. பசியோடு இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை.