வாசல் கண்ணாடியில் மாட்டிய படம்

தாய்மாமாவின் ஸ்டுடியோவில் அவள் தெர்மாகோல் அட்டை பிடித்தே தேய்ந்தாள். எதிரில் நிற்பவர் முகத்தில் வெளிச்சம் விழ, அதைத் தலைக்கு மேல் தூக்கியபடியே நிற்க வேண்டும். கேமராவைக் கேட்டால், "அட்டை பிடிக்கிற கைக்கு அது எதுக்குடி?" என்பார் மாமா.

அவர் இல்லாத ஒருநாள் அவள் எடுத்த மணப்பெண் படத்தை, அந்த மனுஷன் கூச்சநாச்சமில்லாமல் தன் பெயரைப் போட்டு வாசல் கண்ணாடியில் மாட்டிக்கொண்டார். வயிறெரிய வெளியே வந்தவள் தனியாகத் தொழில் தொடங்கினாள். ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் மாமாவே வந்து நின்றார். "பெரிய இடத்துக் கல்யாணம். கண்ணாடியில இருக்கிற மாதிரியேதான் படம் வேணுமாம். எனக்கு வரமாட்டேங்குது. நீ எடுத்துக் குடும்மா."

"வர்றேன் மாமா. படத்துல என் பேருதான் இருக்கும். அட்டையை நீங்க பிடிக்கணும்."

மண்டபத்தில் சொந்தபந்தமெல்லாம் வேடிக்கை பார்க்க, மாமா அட்டையைத் தூக்கினார்.

"இன்னும் மேல மாமா. கை ஆடுது பாருங்க."

மாமாவுக்கு வியர்த்து ஊற்றியது. முதல் க்ளிக்கிலேயே படம் அருமையாக விழுந்துவிட்டது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"இறக்கிடாதீங்க மாமா," என்றபடி, சாவகாசமாக லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள்.