ஐம்பது இதயங்களும் ஐம்பத்தோராவது வயிறும்

ஒன்பது வருடமாக மனிதர்களின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. காதல், பாசம், துரோகம் என்று ஊர் சொல்வது எதுவும் அங்கே கிடையாது. நான்கு அறை, நான்கு கதவு, உள்ளே வந்து வெளியே போகிற ரத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் எக்கோ அறை என்னுடையது. ஒரு கட்டில், ஒரு மெஷின், விளக்கை எப்போதும் மங்கலாக்கி வைத்திருப்பேன். நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினால் திரையில் இதயம் தெரியும். படுத்திருக்கிறவரின் முகத்தை நான் பார்க்க மாட்டேன். திரையைத்தான் பார்ப்பேன். அது என் பெருமை. அதில்தான் மண் விழுந்தது.

எங்கள் பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். இருபதிலிருந்து முப்பது வயதுக்குள், நோய் நொடி இல்லாத ஐம்பது ஆண்கள், ஐம்பது பெண்கள். இருவர் இதயமும் வேலை செய்வதில் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். எல்லோரும் படித்த விஷயம்தான். ஆணின் இதயம் கொஞ்சம் பெரியது. பெண்ணுடையது சின்னது, ஆனால் வேகமாக அடிக்கும், உள்ளே வந்த ரத்தத்தில் கொஞ்சம் அதிகப் பங்கை வெளியே தள்ளிவிடும். சின்னக் கடையாக இருந்தாலும் சுறுசுறுப்பான வியாபாரம். இதை எங்கள் ஆஸ்பத்திரியிலும் அளந்து, ஒரு கட்டுரை எழுதி, மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் பாக்கி.

அளந்தேன். பெண்கள் ஐம்பது பேரும் புத்தகத்தில் உள்ளபடி வந்தார்கள். ஆண்கள் வந்ததுதான் கூத்து. நல்ல வாட்டசாட்டமான பையன்கள், கதவில் இடிக்காமல் நுழைய முடியாத தோள்கள். உள்ளே பார்த்தால் பெண்களுடையதைவிடச் சின்ன இதயம், அதுவும் யாரோ துரத்துகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் இருவர் என்றால் பரவாயில்லை. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கணக்கைக் காட்டி, மெதுவாகத்தான் கேட்டார். அவர் கத்தினால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உலகத்துல யாருக்கும் வராத கணக்கு உங்க கைக்கு மட்டும் எப்படிம்மா வருது?"

மெஷினைச் சந்தேகப்பட்டேன். கம்பெனியிலிருந்து ஆள் வந்து, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, மெஷின் தங்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று டாக்டர் என் காதில் விழுகிற மாதிரியே முணுமுணுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் இந்த அறைக்கு வேறு ஆள். எனக்குக் கீழ்த்தளத்து ஈசிஜி அறை. ஜன்னல் இல்லாத அந்த அறையில், காலையிலிருந்து மாலை வரை கை காலில் கிளிப் மாட்டிக் கழற்ற வேண்டும். ஒன்பது வருடம் பழகிய கைக்கு அதுதான் மரியாதை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

வீட்டில் சொன்னேன். கல்யாணம் ஆனால் ஆம்பிளை இதயம் சுருங்கத்தான் செய்யும் என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஐம்பது பேரும் கல்யாணம் ஆகாதவர்கள் என்றேன். அப்படியென்றால் தனக்குத் தெரியாது என்று போய்ப் படுத்துவிட்டார். இவரிடம் போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கே தம்பியை இழுத்துக்கொண்டு போனேன். இருபத்துநாலு வயது. பர்னிச்சர் கடையில் பீரோ தூக்குகிறவன். இவன் இதயமும் சின்னதாக வந்தால் என் கையில்தான் கோளாறு என்று ஒத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தான். படுத்ததும் கொட்டாவி விட்டான். என் வீட்டில் காலையில் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டிருந்தான், அது வயிறாகி அவனுக்கு முன்னால் கட்டிலில் தனியாகப் படுத்திருந்தது. அளந்தேன். இதயம் நிரம்பும்போது உள்ளே நூற்றைம்பது மில்லி ரத்தம். துடிப்பு அறுபத்துநாலு. இதயம் என்றால் இதயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாசத்தால் இல்லை, என் கை சரியாக இருக்கிறதே என்று.

சந்தேகம் தீர இன்னொரு முறை அளக்கலாம் என்று ஜெல்லை எடுத்தபோது, எனக்கு உதவிக்கு இருக்கிற சின்னவள் உள்ளே வந்தாள். மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவள். கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் சொல்கிற எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். வயது இருபத்திரண்டு. பார்க்க லட்சணமாக இருப்பாள், ஆனால் அது அவளுக்கே தெரியாது. தலையை நிமிர்த்தினால்தானே தெரியும். வழக்கம்போல உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டாவது முறை அளந்தேன். நூற்றுப் பதினெட்டு. துடிப்பு தொண்ணூற்றொன்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது வருடத்தில் முதல் முறையாகத் திரையை விட்டுவிட்டுப் படுத்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தேன். தம்பியின் வயிற்றைக் காணவில்லை. இருந்த இடத்தில் ஒரு பள்ளம். விலா எலும்பெல்லாம் புடைத்து, கழுத்து நரம்பு விடைத்து, முகம் சிவந்து, மூச்சே விடாமல் எங்கோ தூரத்தில் பார்த்தபடி கிடந்தான்.

"வயிறு எங்கடா?"

"எனக்கு எப்பவும் இப்படித்தான்க்கா," என்றான், அரை மூச்சில்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விலா எலும்புக்குள் மறைப்பதை அன்றுதான் பார்த்தேன். மூச்சைப் பிடித்து முக்கினால் இதயத்துக்கு வருகிற ரத்தம் குறையும், இதயம் சுருங்கும், துடிப்பு ஏறும். இது எனக்குத் தெரியாததா? பெண்களுக்குக் கழுத்துவரை போர்வை உண்டு. அவர்கள் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டே படுத்திருப்பார்கள். ஆண்களிடம் போர்வை வேண்டுமா என்று கேட்டால் ஒருத்தன்கூட வேண்டும் என்று சொன்னதில்லை. அளப்பதற்கு முன் பத்து நிமிடம் ஓய்வாகப் படுங்கள் என்று நான் சொல்ல, அத்தனை பேரும் அந்தப் பத்து நிமிடமும் சின்னவளுக்காக முக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். மூச்சை விட்டு நிறுத்துங்க என்றால், விட்ட மாதிரி நடித்திருக்கிறார்கள். நான் திரையைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முட்டாள் என்றால் நான்தான்.

நீ கவனிக்கவே இல்லையா என்று சின்னவளைக் கேட்டேன். கவனித்திருக்கிறாள். மூன்று அக்காக்களோடு வளர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறவள்.

"எல்லாரும் படுத்ததும் ஒரு இழுப்பு இழுப்பாங்க. அப்புறம் விடவே மாட்டாங்க. ஆம்பளைங்க அப்படித்தான் மூச்சு விடுவாங்க போலன்னு நினைச்சேன்."

தம்பி அப்போதுதான் மூச்சை விட்டான். வயிறு பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. கையில் கோளாறு உள்ளவர்கள் சொல்கிற கதைகளில் இது புது மாதிரி என்றார். படித்த பையன்கள், ஆராய்ச்சிக்கென்று வந்தவர்கள், அப்படியெல்லாம் செய்வார்களா என்றார். கடைசியில், தானே படுப்பதாகவும், வேண்டுமென்றே எதுவும் செய்யாமல் இயல்பாக இருக்கப்போவதாகவும், அப்போது வருகிற எண்ணை வைத்து என் கதையை முடித்துவிடலாம் என்றும் சொன்னார். ஐம்பத்தைந்து வயது. கோட்டுப் பொத்தானைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. போட்டால் எட்டாது.

சட்டையைக் கழற்றிப் படுத்தார். என் தம்பியை விட்டுவிட்டால், ஐம்பத்தோராவது ஆள். சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். ஜெல்லைத் தடவினேன். ஆண்டவனே, இந்த மனிதர் மட்டும் உண்மையிலேயே இயல்பாக இருந்துவிட்டால் என் பிழைப்பு போச்சு என்று வேண்டிக்கொண்டே அளந்தேன். நூற்றுப் பத்து. துடிப்பு தொண்ணூற்றாறு. திரும்பிப் பார்த்தேன். நெஞ்சு மேலே, வயிறு மாயம்.

"சார், வயித்தை விடுங்க."

"விட்டுத்தான்மா இருக்கேன்."

என் மேலதிகாரி. அதற்கு மேல் நான் என்ன சொல்வது? அப்போது கால்மாட்டிலிருந்து, தலையை நிமிர்த்தாமலே, சின்னவள் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் விடலாம் சார்."

டாக்டர் கூரையைப் பார்த்தார். பிறகு ஒரு நீண்ட மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே வயிறும் வந்தது, வந்துகொண்டே இருந்தது, கட்டிலின் விளிம்பில்தான் நின்றது. நூற்று நாற்பத்தெட்டு. துடிப்பு எழுபது. எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். சின்னவள் தட்டினாள். டாக்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே, ஐம்பது பையன்களையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். என்னையே அளக்கச் சொன்னார்.

கூப்பிட்டோம். இந்த முறை கழுத்துவரை போர்வை, சின்னவளுக்கு முன்னால் ஒரு திரைச்சீலை. போதாததற்கு ஒவ்வொருத்தனிடமும், நான் ரெண்டு பிள்ளை பெற்றவள், இந்த ஊரில் நான் பார்க்காத தொப்பை இல்லை, விடுடா என்றேன். விட்டார்கள். இதயங்கள் ஒவ்வொன்றாகப் பெரிதாகி, நிதானமாகி, புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்தன.

கீழ்த்தளத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கட்டுரை தயாரானது. அளந்த விதத்தை விளக்குகிற பக்கத்தில் நான் ஒரு வரி சேர்த்தேன்: ஆண்கள் வயிற்றை இயல்பாக விட்ட பிறகே அளவு எடுக்கப்பட்டது. அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடலாமா, படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்று கேட்டார். எடுத்துவிடலாம் சார், ஆனால் யாராவது காரணம் கேட்டால் காட்டுவதற்கு ஐம்பத்தோராவது ஆளின் இரண்டு படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன்.

வரி அப்படியே இருக்கிறது.