ஆத்தும தாகமும் இரண்டு குடமும்

செவிலிமேடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சின்ன சபைக்குப் போதகர் சீனிவாசன். பெருமாள் பேரை வைத்துக்கொண்டு இயேசுவைப் பிரசங்கிக்கிறாரே என்று ஊர் சிரித்து ஓய்ந்து வெகுநாளாயிற்று. அவருடைய கவலை வேறு. சபைக்குப் புதுமுகம் ஒன்றுகூட வருவதில்லை.

அந்தச் சித்திரையில் கேட்டில் ஒரு பலகை மாட்டினார்: ‘தாகமாயிருக்கிறவர்களே, உள்ளே வாருங்கள்!’ அதற்குக் கீழே ‘ஆத்தும தாகம் பற்றிச் சிறப்புச் செய்தி’ என்றும் எழுதச் சொல்லியிருந்தார். பெயின்டர் முதல் வரியை ஆசை ஆசையாகப் பெரிசாக்கிவிட்டதில் பலகை அதோடு தீர்ந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, ‘தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று இயேசு கூப்பிட்டார்’ என்று போதகர் மைக்கில் முழங்கிக்கொண்டிருக்கையில் கதவு திறந்தது. பஸ் கண்டக்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார். போதகருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“வாங்க பிரதர், உக்காருங்க!”

“உக்கார நேரமில்ல சார். பாட்டில்ல தண்ணி ரொப்பிக்கினு ஓடணும்.”

அவருக்குப் பின்னால் பங்க்சர் கடை ஹபீபுல்லா ஒரு ஜக்கோடு நின்றார். கடைசியாக எதிர்வீட்டுப் பொன்னியம்மாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடத்தோடு வந்தாள். தெருக்குழாய் காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

“அம்மா, நான் சொல்றது ஆத்தும தாகம்” என்றார் போதகர், மைக்கிலேயே.

“அது எந்த லாரியில வருதுபா?”

முன்வரிசையில் சிரிப்பு வெடித்தது. போதகரின் மனைவி சந்தியா எழுந்து கொல்லைப்பக்கம் போய் போர் மோட்டாரைப் போட்டாள். ஹோஸைப் பிடிக்க ஒருவர், குடம் தூக்கிவிட ஒருவர் என்று சபையே பின்னால் போய்விட்டது. போதகர் விடவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்தினார். கத்திய கத்தலில் தொண்டை அடைத்து, இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை.

பொன்னியம்மாள் ஒரு சொம்போடு ஓடி வந்தாள். “மொதல்ல நீ குடிபா. எப்படிக் காஞ்சு கிடக்குது பாரு தொண்டை.”

வாங்கி மடமடவென்று குடித்தார். எத்தனையோ வருஷமாக ஊரையெல்லாம் கூப்பிடுகிறோமே, நாம் போய்க் குடித்தது எப்போது என்று ஒரு கேள்வி சுருக்கென்று குத்தியது. மைக்கை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

“குடம் ரொம்பற வரைக்கும் சொல்லேன், கேப்போம்” என்றாள் பொன்னியம்மாள். “உங்க சாமி அப்படிக் கூப்டாரே, யாராச்சும் போனாங்களா?”

போதகர் காலிச் சொம்பைக் கல்லின்மேல் வைத்தார்.

“சில பேரு போனாங்கம்மா. சில பேரு அவர் சொன்னதையே மைக்குல சொல்லிக்கினு வெளியவே நின்னுட்டாங்க.”

பொன்னியம்மாள் சிரித்த சிரிப்பில் குடம் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் ஓடிவந்து போதகரின் வெள்ளைப் பேன்ட்டை முழங்கால்வரை நனைத்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை.